வீணாகும் பழமும் ஒயினும்

பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, விதுரா, நெடுமங்காடு, திருவனந்தபுரம் வழியாகக் கோவளம் போய்விடலாம். தேயிலை, ரப்பர், வாழை, தென்னை என்று காட்சி மாறிக்கொண்டே வரும். வேறு நாடாக இருந்தால் இப்படியொரு சாலையில் சின்னச் சின்ன ஒயின் ஆலைகள் முளைத்திருக்கும். நாசிக்கில் சுலா நிறுவனம் 2005லேயே பயணிகளுக்கு ருசிக்கூடம் திறந்துவிட்டது.

கேரளத்தில் திராட்சைக்கு எங்கே போவது? திராட்சைதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாழை, அன்னாசி, முந்திரிப் பழங்களிலிருந்து ‘நிளா’ ஒயினைத் தயாரித்துக் காட்டியது. முந்திரிக் கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம். சிறிய பழ ஒயின் ஆலைகளுக்கு 2022ல் மாநில அரசு விதிமுறை வகுத்தது.

அரசின் தயக்கமும் புரியாததல்ல. மதுவில் வருவாயும் வேண்டும், மதுவைக் குறைக்கவும் வேண்டும். 2014ல் பார்களை மூடக் கிளம்பியபோதும் கடைசியில் பீர், ஒயின் பார்லர்களுக்கு வழி விட்டது. உரிமமில்லாமல் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒயின் போடுவதோ குற்றம்.

நெடுமங்காடு சந்தைக்கு வாழைக்குலை சுமந்துவரும் விவசாயிக்கு அந்த உரிமம் எட்டுமா, அல்லது பணம் படைத்தவர்களோடு நின்றுவிடுமா என்பதே கேள்வி. ருசி பார்க்கப் பயணிகள் பிறகு தானாக வருவார்கள்.