கொலுவுக்கு ஓர் அரியலூர் ரயில்: கம்ப்யூட்டரில் கட்டிப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் எப்படிப் போகும் என்பது நாம் அறிந்ததுதான். போனில் இருக்கும் போட்டோக்களை எல்லாம் காப்பி செய்வோம். படம் பார்ப்போம். பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். இரண்டாவது மாதம், "இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தோம்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் போனே போதும். கம்ப்யூட்டர் வாங்குவது எதையாவது செய்து பார்ப்பதற்காக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என்ன செய்வது? டைப்ரைட்டிங், ஆபீஸ் புரோகிராம்கள் என்று எல்லாரும் சொல்வதையே நான் சொல்லப் போவதில்லை. பொம்மைச் செங்கற்களால் ஒரு ரயிலும் அது ஓடும் ஊரும் கட்டிப் பாருங்கள். முதலில் திரையில், பிறகு கொலுப்படியின் கீழே.

நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டும் என்றால் முப்பது கிலோமீட்டர் போல் பஸ்ஸில் போய் அரியலூரில்தான் ஏற வேண்டும். அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் வழியாக ஒரு பாதை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது வரும்போது வரட்டும். அதுவரை நம் ஊருக்கு நாமே தண்டவாளம் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் போதுமே!

பொம்மைச் செங்கல்லின் கதை

லெகோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் 1932ல் ஒரு தச்சர் தொடங்கிய பொம்மைத் தொழில் இது. ஒன்றோடு ஒன்று பிடித்துக் கொள்ளும் இன்றைய வடிவக் கல்லுக்கு 1958 ஜனவரி 28ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1966ல் மோட்டாரில் ஓடும் ரயில் வந்தது.

இந்தக் கல்லில் ஓர் ஆச்சரியமான கணக்கு உண்டு. இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ் என்று உள்ள ஒரே மாதிரியான ஆறு கற்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் தெரியுமா? 91,51,03,765 விதங்களில்! கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஒருவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித்தான் இதைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கற்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். 1995ல், டாஸ் இயக்கத்தில் ஓடும் எல்டிரா என்ற புரோகிராமை எழுதி இலவசமாகத் தந்தார். 1997ல், 26 வயதிலேயே அவர் இறந்து போனார். ஆனால் அவர் வகுத்த பைல் அமைப்பை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இன்றும் வளர்த்து வருகிறார்கள். ஆயிரக்கணக்கான கற்களின் வடிவங்கள் அதில் உள்ளன. எந்தக் கம்பெனியும் கேட்காமல், தன் ஆசைக்காக ஒருவர் செய்த வேலை இவ்வளவு காலம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எந்தப் புரோகிராம்?

இரண்டு புரோகிராம்களைப் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இலவசம்.

முதலாவது லியோகேட். எல்டிரா கற்களைப் பயன்படுத்தும் சிறிய புரோகிராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய கம்ப்யூட்டரைத் திணற வைக்காது. புதியவர்கள் இதில் தொடங்கலாம்.

இரண்டாவது ஸ்டூடியோ. பிரிக்லிங்க் என்ற தளம் தருவது. அந்தத் தளத்தை 2019ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. கற்கள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றனவா, கட்டியது நிற்குமா என்றெல்லாம் இது சோதித்துச் சொல்லும். படிப்படியான செய்முறைப் பக்கங்களும் தயாரித்துத் தரும். கொஞ்சம் கனமான புரோகிராம் என்பதால் நல்ல ராம் நினைவகம் இருந்தால் நல்லது. லெகோ டிஜிட்டல் டிசைனர் என்ற பழைய புரோகிராமை யாராவது சொன்னால் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். அதை 2022ல் நிறுத்திவிட்டார்கள்.

எதுவானாலும் அந்தந்தப் புரோகிராமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். "டவுன்லோட்" என்று பெரிய பச்சை பட்டன் காட்டும் வேறு தளங்களில் வைரஸும் கூடவே வரலாம்.

ஒரு சின்ன சோதனை. லியோகேட்டில் ஒரு சிவப்புக் கல்லை வைத்து எல்டிஆர் பைலாக சேவ் செய்திடுங்கள். பிறகு அதே பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். படம் எதுவும் இருக்காது, எழுத்துகளும் எண்களும்தான் இருக்கும்! 1 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 1 என்றால் "இது ஒரு பாகம்". அடுத்த எண் 4, அதாவது சிவப்பு. அடுத்த மூன்று எண்கள் கல் எங்கே இருக்கிறது என்பதையும், அதற்கடுத்த ஒன்பது எண்கள் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்கின்றன. கடைசியில் இருப்பது பாகத்தின் பெயர். அந்த 4ஐ 14 ஆக்கி சேவ் செய்துவிட்டு லியோகேட்டில் திறந்தால் கல் மஞ்சளாகிவிட்டிருக்கும். பைல் என்றால் என்ன, கம்ப்யூட்டர் எப்படி நினைவு வைத்துக் கொள்கிறது என்று பத்து பக்கம் படிப்பதைவிட இந்த இரண்டு நிமிடம் நன்றாகப் புரிய வைக்கும்.

அளவுதான் முக்கியம்

பலர் தோற்றுப் போவது இங்கேதான். கண் அளவில் கட்டினால் இன்ஜின் பெரிதாகவும் ஸ்டேஷன் சிறிதாகவும் வந்து நிற்கும். ஆகவே முதலில் ஓர் அளவை முடிவு செய்திடுங்கள்.

கல்லில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். ஒரு கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீல நிறப் பெட்டியின் நீளம் 21,337 மில்லிமீட்டர், அகலம் 3,245 மில்லிமீட்டர். எக்ஸெல்லில் இந்த எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள். பக்கத்துச் செல்லில் சமக்குறி போட்டு, எண் உள்ள செல்லைக் கிளிக் செய்து, /50/8 என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் எத்தனை குமிழ் தேவை என்று வந்துவிடும். நீளத்துக்கு 53, அகலத்துக்கு 8. அந்தச் செல்லை அப்படியே கீழே இழுத்தால் மற்ற அளவுகளுக்கும் விடை வரும்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. லெகோ தண்டவாளத்தின் இடைவெளி 37.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய ரயில் பாதை 1,435 மில்லிமீட்டர்; ஐம்பதால் வகுத்தால் 28.7தான் வருகிறது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், அது 33.5 ஆகிறது. ஐரோப்பிய ரயிலைவிட நம் ரயிலுக்குத்தான் இந்தத் தண்டவாளம் நெருங்கிப் பொருந்துகிறது!

ஆனால் 53 குமிழ் நீளப் பெட்டி வளைவில் திரும்பச் சிரமப்படும். லெகோவின் சாதாரண வளைவின் ஆரம் 40 குமிழ்தான். பதினாறு துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதற்குக் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் சதுரமான இடம் வேண்டும். ஆகவே புதியவர்கள் பயணிகள் ரயிலை விட்டுவிட்டு சரக்கு ரயிலில் தொடங்குவது நல்லது. சிமென்ட் மூட்டை ஏற்றும் பிசிஎன் வகை மூடிய வேகன் சுமார் 15 மீட்டர்தான். 38 குமிழில் முடிந்துவிடும். அரியலூருக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் எது? சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலைகளும்தானே அந்த ஊரின் அடையாளம்!

நம் ஊர் எங்கே?

கடையில் விற்கும் ரயில் செட்டுகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் வெளிநாட்டு ஸ்டேஷன், வெளிநாட்டு வண்டி. செட்டோடு வரும் படத்தைப் பார்த்து அப்படியே கட்டி முடிப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அது நல்ல கைப்பழக்கம்தான். ஆனால் யோசனை முழுவதும் வேறு யாரோ செய்தது.

பொம்மைகளால் காட்சி அமைப்பது நமக்குப் புதிதல்ல. நவராத்திரி கொலுவில் படிகளுக்குக் கீழே கிராமம், கோயில், குளம், பூங்கா என்று பிள்ளைகள் கட்டுவது பல காலமாக நடப்பதுதான். வெளிநாட்டில் மேஜை போட்டுக் கண்காட்சி வைக்கிறார்கள். நாம் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சுண்டலும் கொடுக்கிறோம். அந்தக் கொலுவில் ஓடுகிற ரயில் நம் ஊர் வழியாக ஓடட்டும் என்பதே என் கட்சி.

எங்கள் பக்கத்தை எடுத்துக் கொண்டால் கட்டுவதற்கு எவ்வளவு இருக்கிறது! பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழையது. நீளம் 18 மீட்டர். நம் அளவில் 45 குமிழ், அதாவது 36 சென்டிமீட்டர். ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரமும் அரியலூர் மாவட்டம்தான். ஆனால் அந்த விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். ஐம்பதில் ஒரு பங்காகக் கட்டினால் ஒரு மீட்டரைத் தாண்டி கொலுவையே மறைத்துவிடும்! அதைச் சிறியதாகக் கட்டிப் பின்னால் தள்ளி வைத்தால் தூரத்தில் தெரிவது போல இருக்கும்.

மருதையாற்றுப் பாலம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்திருக்க, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்துக்குப் பிறகு ராஜினாமா செய்ய முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியை அப்போது நேரு விடவில்லை. அரியலூருக்குப் பிறகு அவர் பதவி விலகியே விட்டார்.

அரியலூர் ரயிலைக் கட்டுகிறவர்கள் இந்தப் பாலத்தைத் தவிர்க்க முடியாது. எப்படிக் காட்டுவது? கவிழ்ந்த பெட்டிகளையும் வெள்ளத்தையும் கட்டினால் பார்ப்பவர்கள் கூடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் அது வேண்டாம். அந்த விடியலில் ஆளை இழந்த குடும்பங்கள் இந்தப் பாதை நெடுகிலும் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் உங்கள் கொலுவுக்குத் தாம்பூலம் வாங்க வரலாம். பாலத்தை முழுதாக, உறுதியாகக் கட்டுங்கள். ஓரத்தில் அந்தத் தேதியை மட்டும் சிறிய அட்டையில் பிரின்ட் எடுத்து வையுங்கள். கேட்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்லட்டும். அன்று அது மீட்டர்கேஜ் பாதை என்பதையும், பொறுப்பேற்று ஓர் அமைச்சர் விலகினார் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

செலவு எவ்வளவு?

கற்கள் விலை அதிகம்தான். அதனால்தான் கம்ப்யூட்டரில் முதலில் கட்டச் சொல்கிறேன். திரையில் ஆயிரம் கல் வைத்தாலும் காசில்லை. பிடிக்காவிட்டால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் போயிற்று. கட்டி முடித்ததும் லியோகேட்டிலிருந்து பாகங்களின் பட்டியலை சிஎஸ்வி பைலாக எடுத்து எக்ஸெல்லில் திறந்திடுங்கள். எந்தக் கல் எத்தனை என்று தெரியும். வீட்டில் இருப்பதைக் கழித்துவிட்டு, குறைவதை மட்டும் வாங்கலாம்.

அதுவும் முடியாவிட்டால் கவலை வேண்டாம். வேகனின் பக்கவாட்டுப் படத்தைப் பிரின்ட் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். ஸ்டேஷனைத் தீப்பெட்டியில் செய்திடுங்கள். அளவு சரியாக இருந்தால் அட்டையும் அழகுதான். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் சின்னக் கற்களைத் தரையில் விடாதீர்கள், வாயில் போட்டுவிடும்.

"இதுவும் விளையாட்டுத்தானே?" என்று சிலர் கேட்கலாம். விளையாட்டுத்தான். ஆனால் இதில் வகுத்தல் இருக்கிறது, எக்ஸெல் இருக்கிறது, பைல் சேவ் செய்வது, பெயர் வைப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்து, பிளாட்பாரத்தை அடிக்கணக்கில் நடந்து அளந்து வர வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன்னிருந்து எழுப்பி ஊருக்குள் அனுப்புகிற கேம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு வேகன் போதும்.