நோட்டைப் பார்க்க யாருக்கு நேரம்?

போன வாரம் மறுபடியும் ட்ரெய்னிங். கற்றல் விளைவுகள் அடிப்படையில் மாணவர் மதிப்பீடு என்று தலைப்பு. ஆசையாகத்தான் போனேன். எங்களுக்கு வேண்டியதே அதுதானே?

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் பயிற்சிக்குக் கிளம்பினால் ஹெச்.எம். ஒருத்தரே ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அப்படி விட்டுவிட்டு வருகிற நாளுக்கு ஒரு பலன் வேண்டாமா? வருகைப் பதிவு போடவே ஆப் திறக்கவில்லை. "சர்வர் பிஸி, கொஞ்சம் பொறுங்க டீச்சர்." அப்புறம் பிபிடி. திரையில் இருப்பதை வரி விடாமல் வாசிக்கிறார்கள். அது முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது! கருத்தாளரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரும் எங்களைப் போல வகுப்பை விட்டு வந்தவர்தான். மாநிலத்தில் சொன்னது மாவட்டத்துக்கு இறங்கி, ஒன்றியத்துக்கு இறங்கி, எங்கள் கைக்கு வரும்போது கரும்புச் சக்கைதான் மிஞ்சுகிறது.

ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். என் மூன்றாம் வகுப்புப் பையன் 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதுகிறான். 81-லிருந்து 34 போனால் 53 என்கிறான். கவனக்குறைவா? இல்லவே இல்லை. எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று மனதில் பதித்துக்கொண்டு, மேலே கீழே பார்க்காமல் 7-லிருந்து 2-ஐக் கழிக்கிறான், 4-லிருந்து 1-ஐக் கழிக்கிறான். பக்கத்தில் உட்காரும் பெண் அதே 52, 27 கணக்குக்கு 24 என்று போடுகிறாள். அவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது, அவ்வளவுதான். அவளுக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொன்னால் போதும். அவனுக்கோ பத்துக் குச்சிக் கட்டைக் கண்ணெதிரே பிரித்துக் காட்ட வேண்டும். "இந்த வித்தியாசத்தை ஆப்ல எங்கே சார் பதியறது?" என்றேன். "சரி, தவறு ரெண்டுல ஒண்ணுதான் டீச்சர் அழுத்த முடியும். டீ சாப்பிட்டு வந்து பேசலாம்." டீ வந்தது. பேச்சு வரவில்லை.

பிள்ளையைப் பார்க்காமல் பதிவை மட்டும் நிரப்புவது புதிதாக வந்த வியாதியா? 2012-ல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். பாடம் நடக்கும்போதே பிள்ளையைக் கவனித்துச் சரிசெய்யத்தான் அந்த 40. எத்தனை பள்ளிகளில் பருவக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து 36, 38 என்று பதிவேட்டை நிரப்பினார்கள் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் பிள்ளை நிற்கிற படியிலிருந்து தொடங்கு என்கிற அந்த எண்ணம் எவ்வளவு நல்லது! ஆனால் படி ஏறத்தான் அந்தப் பெயர்கள் என்பதை மறந்துவிட்டு, "அவன் அரும்பு மேடம், விடுங்க" என்று பிள்ளை காதுபடவே பேசுகிறோமே, வயிறு எரியாதா?

பயிற்சி நாள் சாயங்காலம் எங்களுக்குப் போனில் ஒரு தேர்வு. லிங்க் வந்த சூட்டோடு சூடாக விடைகளும் குரூப்பில் வந்துவிட்டன. எல்லாருக்கும் முழு மதிப்பெண். மதிப்பீடு பற்றிய பயிற்சிக்கே மதிப்பீடு இந்த லட்சணத்தில். யாருக்கு என்ன புரிந்தது, யார் நாளைக்கு வகுப்பில் என்ன மாற்றிச் செய்யப்போகிறார்? யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் போன் மட்டும் வந்தது. "உங்க ஸ்கூல்ல இன்னும் என்ட்ரி முடியலையே டீச்சர்?"

அடுத்த பயிற்சிக்காவது எங்களை நோட்டுகளோடு வரச் சொல்லுங்கள். பிபிடி வேண்டாம். பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குகளை மேசையில் விரித்து வைப்போம். ஏன் இப்படிப் போட்டான், நாளைக்கு அவனுக்கு என்ன செய்யலாம் என்று நாலு டீச்சர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு நாள் கொடுங்கள். ஹெச்.எம். தனியாகப் படுகிற பாட்டுக்கும் அர்த்தம் இருக்கும்.