தார் போடும் பருவம்

காவிரி டெல்டாவில் சாலை வேலைக்கு வாய்க்கும் காலம் குறைவு. சம்பா, தாளடி அறுவடை முடிந்து, நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல் லாரிகளின் வரிசை ஓய்ந்தபின் அது தொடங்குகிறது. மேட்டூர் அணை திறந்து ஆறுகளில் தண்ணீர் வந்துவிட்டால் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அவ்வளவுதான். அந்தக் காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே நிதியாண்டு முடிகிறது. ஊரகச் சாலைகளின் ஆயுள் குறைவதற்கு மண், லாரி, ஒப்பந்ததாரர் என்று பல காரணங்களைச் சொல்லி வருகிறோம். நிதியாண்டும் பாசன ஆண்டும் ஒத்துப்போகாததை அந்தப் பட்டியலில் முதலில் வைக்கவேண்டும்.

ஒரு ஊராட்சி ஒன்றியச் சாலையின் கோப்பு நகரும் விதம் நமக்குத் தெரியும். ஏப்ரலில் ஒதுக்கீடு, பிறகு சாலைத் தேர்வு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். ஒர்க் ஆர்டர் கைக்கு வரும்போது பெரும்பாலும் செப்டம்பர் ஆகிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பொங்கல் கழிந்து வேலையை எடுத்தால் வயலிலிருந்து அறுவடை இயந்திரங்கள் ஏறிவரும், நெல் மூட்டை லாரிகள் ஓடும். ஆக, மார்ச்சில் பில் போட்டாக வேண்டிய சாலைக்கு பிப்ரவரியில் கிராவல் கொட்டப்படுகிறது. இருபுறமும் மூன்று, நான்கு மாதம் தண்ணீர் கட்டியிருந்த வயல், நடுவில் ஈரம் இறங்காத களிமண், அதன்மேல் ரோலர். எம்.புக்கில் (அளவுப் புத்தகத்தில்) கனம் சரியாக இருக்கும், அடுத்த மழைக்குச் சக்கரத்தடத்தில் பள்ளம் விழும்.

2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய், இரண்டு ஆண்டுகள் என்று வந்தது. ஒரே ஆண்டுக்குள் அடைக்காமல் இரண்டு ஆண்டு என்றது டெல்டாவுக்கு நல்லது. ஆனால் சராசரி கிலோமீட்டருக்கு 40 லட்சம் என்ற கணக்கை இங்கே அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வண்டல் பூமியில் பாறை கிடையாது. ஜல்லி புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கமிருந்து வரவேண்டும். நல்ல கிராவலுக்கு வல்லம் மேட்டுநிலத்தையோ அதற்கும் அப்பாலையோ நம்பியிருக்கிறோம். கிழக்கே போகப்போக லீடு (பொருள் கொண்டுவரும் தூரம்) ஏறும், எஸ்டிமேட்டும் ஏறும். ஒதுக்கீடு ஏறாதபோது பொறியாளர் எதில் கைவைப்பார்? முதலில் பெர்ம் (சாலையோர மண் பகுதி) போகும், பிறகு பக்கவாட்டுத் தடுப்புச்சுவர், கடைசியாகச் சிறுபாலம். மேல் தார் மட்டும் முழு நீளத்துக்கும் மிஞ்சும், ஏனென்றால் திறப்பு விழாவில் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

சாலையை உள்ளிருந்து அழிப்பது தண்ணீர் என்பதை இந்தத் துறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எஸ்டிமேட்டுக்கான நேரடி ஆய்வை ஏப்ரல், மே மாதங்களில், வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது செய்கிறோம். அப்போது எந்த வயலுக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் போகிறது என்பது தெரியாது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் அது தெரியவரும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நாற்றங்கால். விவசாயிக்குக் காத்திருக்க நேரமில்லை. கடப்பாரையால் புதுத் தாரைக் குறுக்கே வெட்டி ஒரு பிவிசி குழாயைப் பதித்து, வயல் மண்ணையே போட்டு மூடிவிடுகிறார். லாரி நாலு முறை ஏறி இறங்கினால் அந்த இடம் அமுங்கி, மழைநீர் அடித்தளத்துக்கு நேரே இறங்க வழி கிடைத்துவிடும். அவர்மேல் வழக்குப் போட்டு இது தீராது. அந்த இடத்தில் ஒரு குழாய்ப் பாலம் எஸ்டிமேட்டிலேயே இருந்திருக்கவேண்டும்.

கேஜ் வீல் கதையும் அதுதான். சேறடித்த டிராக்டர் இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமல் அடுத்த வயலுக்குச் சாலைவழியே போகிறது. 20 மி.மீ. ஓஜிபிசி தார்ப்பரப்பின் மேல் அந்தப் பற்கள் பதிந்த வரிகளைக் குறுவைக் காலத்தில் எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். மாவட்ட நிர்வாகங்கள் தடை சொல்லிப் பார்த்துவிட்டன. வயல்களுக்கு இறங்கும் சரிவுகளைச் சாலைப் பணியோடு சேர்த்து அமைத்து, ஓரமாக ஒரு மண் தடத்தையும் விட்டால் பாதித் தொல்லை குறையும்.

பருவம் பார்க்காமல் அளக்கும் தவறு போக்குவரத்துக் கணிப்பிலும் நடக்கிறது. குறைந்த போக்குவரத்துள்ள ஊரகச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72 கையேடு அறுவடைக்காலப் போக்குவரத்தைத் தனியே கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. கோடையில் மூன்று நாள் எண்ணிவிட்டு அதையே ஆண்டு சராசரியாக எழுதினால் நெல் லாரி கணக்கிலேயே வராது. அச்சுப் பாரம் கால் பங்கு கூடினால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும் என்பது நான்காம் அடுக்கு விதி. கொள்முதல் நிலையம் எந்தச் சாலையில் இருக்கிறது என்று கேட்காமல் அந்தச் சாலையின் கனத்தை முடிவு செய்வதில் பொருளில்லை.

எனவே நாம் கேட்பது ஒரு மாற்றுக் காலண்டர். ஜூலை, ஆகஸ்டில், தண்ணீர் ஓடும்போது, உதவிப் பொறியாளரும் ஊராட்சித் தலைவரும் பாசன விவசாயிகளும் சாலையில் நடந்து குறுக்கே தண்ணீர் கடக்கும் இடங்களைக் குறிக்கட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தப் பட்டியல் படிக்கப்படட்டும். கரைமேல் போகும் சாலை என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றை அப்போதே கேட்டு வைக்கலாம். நவம்பர் மழையில் நீர் தேங்கும் மட்டத்தை அளந்து எஸ்டிமேட்டைத் திருத்தி, டிசம்பரில் டெண்டர். பிப்ரவரி, மார்ச்சில் சிறுபாலங்கள், ஜல்லி சேமிப்பு. ஏப்ரல், மே மாதங்களில் அடித்தளமும் தாரும். கட்டுமானப் பகுதிக்கு மார்ச் 31க்குள் பில், தார்ப் பகுதிக்கு அடுத்த நிதியாண்டில் பில் என்று ஒப்புதல் ஆணையிலேயே இரண்டு கட்டமாகப் பிரித்துவிட்டால், பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் ஈர மண்ணில் ரோலர் ஓட்டவேண்டியதில்லை.

மேட்டூர் எப்போதும் வழக்கமான தேதியான ஜூன் 12இல் திறப்பதில்லை. 2022இல் மே 24லேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆயிற்று. ஆகவே ஒப்பந்தத்தில் தேதியைக் கட்டாமல் நீர்த்திறப்பு அறிவிப்பைக் கட்டவேண்டும். தேதியைப் போலவே சாலையின் உயரத்தையும் ஒரே விதியில் அடக்கமுடியாது. ஊருக்குள் தெருவைச் சுரண்டிவிட்டுத்தான் மறுதார் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். வீட்டு வாசலைக் காப்பாற்ற அது சரி. ஆனால் வயல்வெளியில் வெள்ளமட்டத்துக்குக் கீழே கிடக்கும் சாலைக்கு உயர்த்துவதே மருந்து. ஒரே சாலையின் இரு பகுதிகளுக்கு இரண்டு எஸ்டிமேட் தேவைப்படும் இடம் டெல்டா.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கூடுதல் தொகைகூட எல்லா இடத்திலும் வேண்டாம். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைகள் வரும் ஆண்டில் ஒன்றியத்துக்கு ஒரு சாலையையாவது இந்தக் காலண்டரில் எடுத்து, பழைய முறையில் போட்ட பக்கத்துச் சாலையோடு இரண்டு மழைக்காலம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த இரண்டு சாலைகளின் பேட்ச் ஒர்க் பில்லை அருகருகே வைத்தால், விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.