வாகனத்துக்கும் மேல்தோல் உண்டு

வாகனம் கழுவுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பல வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் கழுவத் துணியையும் சவர்க்காரத்தையும் எடுத்துக் கொடுப்பது யார்? நாம்தானே! பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தாமே ஏற்றிச் செல்லும் தாய்மாரும் இன்று ஏராளம். ஆகவே, சகோதரிகளே, இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் புதிய வாகனம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில்தான் வந்தது. வாசலில் நிற்கும் பழைய கார்தான் பல வீடுகளின் பெரிய சேமிப்பு. அதைக் கெடுப்பது வெயிலும் மழையும் மட்டுமல்ல, நாம் துடைக்கும் விதமும்தான்.

காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு படை பூசப்பட்டிருக்கும். பளபளப்பெல்லாம் அதிலேதான். அதன் தடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு! காலையில் காய்ந்த துணியால் தூசி துடைக்கிறோமே, அந்தத் தூசிக்குள் மணலும் இருக்கிறது. நொன்-ஸ்டிக் தாச்சியைக் கம்பிச்சுருளால் தேய்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கீறல்கள் தெரியும்.

எனவே முதலில் வெறும் தண்ணீரை நன்றாக ஊற்றி மணலைக் கழுவிவிட வேண்டும். நிழலில் வைத்து, பொனட் ஆறிய பின்பே தொடங்குங்கள். இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்பூவில் நனைத்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, ஒவ்வொரு தடவையும் வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பூவில் போடுங்கள். சில்லுகளுக்கு வேறு துணி. துணி நிலத்தில் விழுந்தால் அதை மீண்டும் காரில் வைக்க வேண்டாம். கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் நீர்த்திட்டுகள் படியாது.

பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத் தூளும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. பூசிய மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும்.

மெழுகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பொலிஷும் மெழுகும் ஒன்றல்ல. பொலிஷ் மேல்படையைச் சிறிது தேய்த்தெடுத்துக் கீறலை மறைக்கிறது. மெழுகு மேலே ஒரு காப்பாகப் படிகிறது. மாதாமாதம் பொலிஷ் போடுகிறவர்கள் உள்ள படையையும் தேய்த்துக் கரைக்கிறார்கள் என்பதே என் எண்ணம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மெழுகு போதும். கழுவி உலர்ந்த காரில், நிழலில், ஒவ்வொரு பகுதியாக மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும், கவனம். கார் மீது தெளித்த நீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து போனால், மீண்டும் பூசும் காலம் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

காக்கை எச்சத்தை வார இறுதிவரை விட்டுவைக்காதீர்கள். வெயிலில் காய்ந்தால் பூச்சை அரித்துத் தடம் பதித்துவிடும். சுரண்டவும் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் மெதுவாக எடுங்கள்.

காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உப்புக் காற்று காரின் அடிப்பகுதியில்தான் முதலில் கறளைக் கொண்டுவரும். மேலே மினுக்கிவிட்டு அடியை மறந்துவிடுகிறோம். கழுவும்போது மட்கார்ட்டின் உட்புறத்துக்கும் அடிப்பாகத்துக்கும் குழாய் நீரைப் பாய்ச்சுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். சேறு அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து கறள் பிடிக்கும். ஈர்க்கிலால் மெல்லக் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.