மணலில் புதைத்த கணக்கு

அல்ஜீரியாவின் சஹாராவில் 1960 முதல் 1966 வரை பிரான்ஸ் 17 அணுச் சோதனைகள் நடத்தியது. ஆளில்லாத இடம் என்பது அப்போது சொன்ன சமாதானம். ரெகான் சோலையில் பேரீச்சை வளர்த்துப் பிழைத்தவர்கள் ஆட்கணக்கில் வரவில்லை போலும். 1962 மே 1 அன்று, இன் எக்கர் மலைக்குள் வெடித்த குண்டின் கதிரியக்கப் புகை சுரங்க அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேற, பார்வையிட வந்த பிரெஞ்சு அமைச்சர்களே தலைதெறிக்க ஓடினார்கள். விடுதலைக்கு வழிவிட்டு, சோதனைகள் தொடரவும் இடம் தந்த எவியன் ஒப்பந்தத்தில் அல்ஜீரியத் தரப்பும் கையெழுத்திட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால், விடுதலைக்கு விலையாகப் பெற்ற அந்த ஒப்புதல், மாசுபட்ட வண்டிகளையும் கருவிகளையும் மணலில் புதைத்துவிட்டுக் கிளம்பும் உரிமையாகிவிடுமா? புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகவே 24,000 ஆண்டுகள் ஆகும். புதைத்த இடங்களின் முழு வரைபடத்தை அல்ஜீரியா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ராணுவ ரகசியம் என்று மழுப்பாமல் பாரிஸ் முதலில் அதைக் கொடுக்கட்டும். இழப்பீட்டுப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.