ஸ்க்ரீன்ஷாட் போதாது, ஒரு கட்டளை வேண்டும்

"என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!"

நம் வகுப்பில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லி, ஒரு தோழியை நன்றாக மாட்டிவிட்டும் இருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பதிவு.

போன செமஸ்டரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மினி ப்ராஜெக்ட் செய்தோம். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் ரேங்க் போட்டுத் தரும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல். டெமோவுக்கு முந்தைய இரவு, சும்மா இருக்காமல், ஒரு கோப்பை அழைக்கும் வரிகளில் எல்லாம் பெயரின் முதல் எழுத்தைச் சின்ன எழுத்தாக்கினேன். கோப்பின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். என்னுடையது விண்டோஸ். சாதாரணமாக அது கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஓடியது. தூங்கப் போய்விட்டேன்.

லேபில் இருப்பது லினக்ஸ். அது வித்தியாசம் பார்க்கும். தோழி எல்லாவற்றையும் அழகாக விளக்கிவிட்டு ஓட்டினாள். "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சிவப்பில் நாலு வரி. "ஓட்டியே பார்க்கலையாம்மா?" என்று எக்ஸ்டர்னல் கேட்டார். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான், "ஏன்டா, ராத்திரி கடைசியா என்னடா மாத்தின?" என்றாள். மார்க் போனது மூன்று பேருக்கும். தலைகுனிந்து நின்றது அவள் மட்டும்.

காலையிலேயே லேபில் ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். எப்படி ஓட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. என் எடிட்டரில் நான் அமைத்து வைத்த ஒரு பொத்தான் இருந்தது, அதை அமுக்கினால் ஓடும். அந்தப் பொத்தான் என் மடிக்கணினியோடு பிறந்து அங்கேயே வாழ்கிறது.

என் கட்சி இதுதான்: ஒரு ப்ராஜெக்ட்டை உருவாக்குவதும் சோதிப்பதும் கட்டளைவரியில் ஆளுக்கு ஒரு வரியாக இருக்க வேண்டும். அந்த வரி ப்ராஜெக்ட்டோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

இது ஒன்றும் புதிய தத்துவம் இல்லை. பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதியது 1976-ல். ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் 2010-ல் வந்த என்பிஎம் அதே வேலையைச் செய்கிறது. பேக்கேஜ்.ஜேசான் கோப்பில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே எழுதி வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் 'என்பிஎம் டெஸ்ட்' என்று தட்டினால் போதும். எல்லாம் சரி என்றால் கட்டளை 0 என்ற எண்ணோடு முடியும், தப்பு என்றால் வேறு எண். பார்க்க அற்பமான விஷயம். ஆனால் அதை வைத்துத்தான் "சோதனை தேறினால் மட்டும் அடுத்த வேலைக்குப் போ" என்று கணினிக்குச் சொல்ல முடிகிறது. எடிட்டர் பொத்தானிடம் அப்படிச் சொல்ல வழியில்லை.

டெமோ சொதப்பிய பிறகு ரோஷம் வந்து சோதனைகள் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் பெரிய பூதம் கிளம்பியது. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'சார்ட்', நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், எண்களையும் எழுத்துகளாக நினைத்துத்தான் வரிசைப்படுத்தும். 45, 100, 78 என்று கொடுத்துவிட்டு, பெரியது முதலில் வரத் திருப்பிப் போட்டால் 78, 45, 100 என்று வரும். அதாவது சென்டம் வாங்கியவன் கடைசி ரேங்க்! நாங்கள் கொடுத்துப் பார்த்தவை எல்லாம் இரண்டு இலக்க மதிப்பெண்கள், அதனால் ஒரு தடவைகூட மாட்டவில்லை. ("நம்ம வகுப்புல எவன்டா 100 எடுக்கப் போறான்" என்றான் மூன்றாவது ஆள். அது வேறு கதை.)

கருவி யோசிக்காது. 100-ஐ யோசிக்க வேண்டியவன் நான்தான். ஆனால் ஒரு தடவை யோசித்து எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அது மறக்காமல் பார்க்கும். இரவு ஒரு மணிக்கு நான் மறந்துபோவேன்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. "இந்தக் கருவிகளை நிறுவினால் நூற்றுக்கணக்கில் பொதிகள் வந்து இறங்குகின்றன, அவற்றை எப்படி நம்புவது?" என்கிறார்கள். உண்மைதான். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் நீக்கிவிட, உலகம் முழுக்க எத்தனையோ ப்ராஜெக்ட்டுகளின் பில்ட் நின்றுபோனது. 2025 செப்டம்பரில் 'சாக்', 'டீபக்' மாதிரி ஏகப்பட்ட பேர் பயன்படுத்தும் பொதிகளிலேயே திருட்டு நிரல் புகுந்தது. ஆனால் இதற்காகக் கட்டளைவரியையே ஒதுக்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. நம் அளவுக்கு வெளிப் பொதி எதுவுமே தேவையில்லை. நோட் 20-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், சோதனை ஓட்டும் வசதி நிலையான அம்சமாகக் கூடவே வருகிறது. வெளிப் பொதி வேண்டியே தீரும் என்றால் லாக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்து 'என்பிஎம் சிஐ' கட்டளையால் நிறுவுங்கள். அதில் எழுதிய அதே பதிப்புதான் எல்லா இடத்திலும் வரும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரெக்கார்ட் நோட்டில் அவுட்புட் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டினால் மார்க் போடுகிறீர்கள். ஸ்க்ரீன்ஷாட் சொல்வதெல்லாம், யாரோ ஒருவர் கணினியில் என்றோ ஒரு நாள் ஓடியது என்பதைத்தான். அதற்குப் பதில் ப்ராஜெக்ட்டை லேப் கணினியில் இறக்கி இரண்டு கட்டளைகள் தட்டிப் பாருங்கள். நிறுவு, சோதி. தேறினால் மார்க். முதல் வருடமே இப்படிச் செய்தால் மூன்றாம் வருடத்தில் எந்தத் தோழியும் சிவப்பு வரிகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்காது.

இந்த செமஸ்டரும் அதே மூன்று பேர்தான் குழு. சேர்வதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் எதையாவது மாற்றினால், 'என்பிஎம் டெஸ்ட்' தட்டி அனுப்ப வேண்டும், அதையும் லினக்ஸில். ஒப்புக்கொண்டேன். வேறு வழி? :-)