போர்வையில் போட்ட எண்ணை நம்பலாமா?

போர்வை சூடு தருமா?

"தரும்" என்பீர்கள். தராது! போர்வைக்குள் அடுப்பு இல்லை. சூடு உங்கள் உடம்பில் இருக்கிறது. அது வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் போர்வையின் வேலை.

மலையில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கு என்றே இலேசான போர்வைகள் விற்கிறார்கள். உள்ளே வாத்து இறகு இருக்கும். அல்லது செயற்கைப் பஞ்சு இருக்கும். நான் வாங்கியது முக்கால் கிலோதான். சுருட்டினால் சின்னப் பைக்குள் அடங்கிவிடும். "5 டிகிரி குளிர் வரை தாங்கும்" என்று அதில் அச்சிட்டிருந்தது.

அதை நம்பி, ஜனவரி மாதத்தில் ஊட்டிக்குப் போனேன்.

மூன்று இரவுகள்

நண்பர் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் அடித்தேன். தரையில் ஒரு ஜமுக்காளம். மேலே புதுப் போர்வை. பக்கத்தில் உஷ்ணமானி. நள்ளிரவில் அது 7 டிகிரி காட்டியது. எனக்கோ முதுகு ஜில்லிட்டது. பற்கள் தந்தி அடித்தன. 2 மணிக்கு எழுந்து வீட்டுக்குள் ஓடினேன். நண்பரின் தாயார் சிரித்துக்கொண்டே சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் இரவு ஜமுக்காளத்தின் மேல் தடித்த ரப்பர்ப் பாய் விரித்தேன். முதுகுக் குளிர் போயிற்று. ஆனால் புரண்டு படுக்கும் போதெல்லாம் போர்வை ஓரமாகக் குளிர்காற்று புகுந்தது.

மூன்றாம் இரவு ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினேன். தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டேன். விடியும்போது 5 டிகிரி. நான் குறட்டை விட்டுக் கொண்டிருந்தேன்!

போர்வை அதேதான். பிறகு எப்படி?

போர்வைக்குள் அடைந்து நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும் சுவர். முதுகுக்கு அடியில் நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும். ஆகவே தரைக் குளிரைத் தடுப்பது பாயின் வேலை. இறகு நனைந்து ஒட்டிக்கொண்டாலும் சூடு நிற்காது.

யாருடைய எண்?

குளிருக்கு உள்ளே புகுந்து தூங்கும் பைகள் உண்டு அல்லவா? அவற்றைச் சோதிக்க உலகப் பொது முறை ஒன்று இருக்கிறது. சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்து அளப்பார்கள். பொம்மைக்கு அடியில் பாயும் உண்டு! அதில் கிடைக்கும் எண்களில் ஒன்று, 25 வயது, 73 கிலோ எடையுள்ள ஆண் சுருண்டு படுத்துத் தாங்கக்கூடிய குளிர். பெண்ணுக்கு வேறு எண்.

எல்லாப் போர்வைகளும் இந்தச் சோதனைக்குப் போனவை அல்ல. போயிருந்தாலும், நம் கூடாரத்தில் படுப்பவர் யார்? 60 வயதுப் பாட்டி. 6 வயதுப் பேரன். அந்த எண் அவர்களுடையது அல்லவே!

எண் போடுகிறவர்கள், அது யாருக்கு, எந்தப் பாயின் மேல் என்பதையும் போடவேண்டும். அதுதான் நியாயம்.

நாமும் ஒன்று செய்யவேண்டும். மலைக்குப் போனதும் முதல் இரவே காட்டுக்குள் போகக்கூடாது. தங்கும் வீட்டு வாசலில் ஓர் இரவு படுத்துப் பார்க்கவேண்டும். அங்கே குளிர்ந்தால் கதவைத் தட்டலாம். காட்டில் எந்தக் கதவைத் தட்டுவது?

குளிர் தாங்காமல் கூடாரத்துக்குள் கரி மூட்டுகிறவர்கள் உண்டு. கூடவே கூடாது! கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

போர்வை வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். எடையைப் பார்க்கிறோம். ஓர் இரவு படுத்தும் பார்ப்போமே!